வாடைப் பக்கம்

காலை வெயிலில் காய்ந்து கிடக்கும் வராந்தாச் சிமெண்டின் சூடு, கால்சட்டையின் பின்புறம் எங்கே கிழிந்திருக்கிறதோ அங்கேதான் முதலில் தெரியும். கிழியாத கால்சட்டை என்று ஒன்று எனக்கு அப்போது இருந்ததில்லை. ஆகவே ‘கல்வி கண்ணைத் திறக்கும்’ என்று யாராவது மேடையில் முழங்கும்போதெல்லாம், எனக்குக் கண் நினைவுக்கு வருவதில்லை. வேறு உறுப்புதான் நினைவுக்கு வருகிறது.

உச்சிப்புளிக்குக் கிழக்கே, தார்ச்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஆரம்பப் பள்ளி. எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரே நீளக் கூடம். வடக்குச் சுவரில் கரும்பலகை, கிழக்கு வாசலுக்கு வெளியே வராந்தா. சாலைக்கு மேற்கே இருந்து வரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம். கரையிலிருந்து வரும் எங்களைப் போன்ற மீன்காரப் பிள்ளைகள் கொஞ்சம். மற்ற பள்ளிகளில் பிள்ளைகளை உயரப்படி உட்கார வைப்பார்கள், வயதுப்படி உட்கார வைப்பார்கள். எங்கள் சார் காற்றுப்படி உட்கார வைத்தார்.

கமுதிப் பக்கத்துக்காரர் அவர். மிளகாயும் பருத்தியும் விளைகிற காய்ந்த பூமியிலிருந்து கடற்கரைக்கு மாற்றலாகி வந்ததைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டு, அந்தத் தண்டனையை எங்களோடு பங்கிட்டுக்கொண்டார். எங்கள் உடம்பில் மீன் நாற்றம் வீசுகிறது என்பது அவருடைய கட்சி. நாற்றம் தன் நாற்காலிக்கு வந்து சேராதபடி, காற்று வெளியேறுகிற பக்கமாக எங்களை நகர்த்துவார். வடக்கிலிருந்து காற்று அடிக்கும் மாதங்களில் கூடத்தின் தெற்குக் கோடி எங்களுக்கு. அங்கிருந்து பார்த்தால் பலகையில் வெள்ளையாக ஏதோ ஊர்வது தெரியும். மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் வராந்தா. அங்கிருந்து பலகையே தெரியாது, வாசல் நிலைதான் தெரியும். சார் பிரம்பால் எழுத்தைத் தட்டித் தட்டிச் சொல்வார், உள்ளே இருப்பவர்கள் பார்த்துச் சொல்வார்கள், நாங்கள் சுவரைப் பார்த்துச் சொல்வோம். இதற்குப் பெயர் கற்பித்தல் முறை.

இதில் ஒரு சொல்லைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். ஊர் உலகத்துக்கு ‘வாடை’ என்றால் நாற்றம். கரையில் ‘வாடை’ என்றால் ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து எடுக்கும் காற்று. மேற்கிலிருந்து ஆடியில் அடிப்பது ‘கச்சான்’. எங்கள் வீட்டில் பால்குடி மறப்பதற்குள் பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிடும்.

ஓர் ஆடி மாதக் காலையில் சார் உள்ளே நுழைந்ததும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வாடை அடிக்குது, வாடை அடிக்குது, எல்லாம் அங்கிட்டு போங்க” என்றார். ஐந்தாம் வகுப்பில் இருந்த என் அக்கா எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

“சார், இது வாடை இல்ல சார். கச்சான். வாடை எடுக்க இன்னும் நாளு கெடக்கு சார்.”

கூடமே சிரித்தது. அவள் குறும்பு செய்யவில்லை என்பது எங்கள் வரிசைக்கு மட்டும்தான் தெரியும். பாவம், மேட்டு நிலத்து மனிதர், காற்றுத் தெரியாமல் பேசுகிறாரே என்று அவளுக்கு உண்மையிலேயே கவலை.

“எனக்கே பாடம் நடத்துறியா நீ?” என்று சார் பிரம்பை எடுத்தார். கச்சான் அன்று அவளுடைய உள்ளங்கையில் அடித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் எங்கள் அய்யாவும் அதே தப்பைச் செய்தார். “புள்ள சரியாத்தானய்யா சொல்லிருக்கு. வாத்தியாருக்குக் காத்து பிடிபடல. நான் போய்ப் பக்குவமாச் சொல்லிட்டு வாரேன்” என்று, அன்றைக்குக் கிடைத்ததில் நல்ல சீலா மீன் ஒன்றைப் பனையோலைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வாசலுக்கு வெளியே நின்றபடி எந்தக் காற்று எந்த மாதம் எடுக்கும் என்று விளக்கினார். சார் பொறுமையாகக் கேட்டார். பிறகு மீனை வாங்கித் தன் வீட்டுக்கு அனுப்பினார். மகளை வராந்தாவுக்கு அனுப்பினார். இனி எந்தக் காற்று அடித்தாலும் அவளுக்கு அதுதான் இடம் என்றார். சீலாவில் அவருக்கு நாற்றம் தெரியவில்லை போலும்.

அந்த வருடம் முழுக்க அக்கா காதால் படித்தாள். பாட்டெல்லாம் மனப்பாடம், வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். எழுத்து மட்டும், முந்திய வருடங்களைப் போலவே, அவள் கண்ணில் படவே இல்லை. பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தவளைப் பார்த்து, “இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது, கடலுக்குப் பாசி எடுக்க அனுப்புங்க” என்று அய்யாவிடம் சொன்னார் சார். அனுப்பினார்கள். மறு வருடமே சார் கேட்டிருந்த மாற்றல் கிடைத்துக் கமுதிக்குப் போய்விட, புதிதாக வந்தவர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் நாலு புத்தகம் படித்து, நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைப்பதற்கு என் அறிவு காரணமென்று சிலர் சொல்கிறார்கள். அரசாங்கத்தின் ஒரு மாறுதல் உத்தரவுதான் காரணம். அது அக்காவுக்கு ஒரு வருடம் பிந்தி வந்தது.

‘அந்தக் காலத்து வாத்தியார் அடித்ததால்தான் நாம் ஆளானோம்’ என்று கைபேசியில் தினமும் யாராவது அனுப்புகிறார்கள். ஆளாகாதவர்களிடம் கைபேசியில் படிக்க எழுத்தில்லை. ஆகவே மறுப்பு வருவதில்லை.

சென்ற மாதம் ராமநாதபுரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஊரிலிருந்து வந்திருந்த அக்காவும் கூட வந்தாள். பிரம்பு இல்லை, கரும்பலகை இல்லை, வெள்ளைப் பலகை. காற்றும் இல்லை, சன்னலெல்லாம் அடைத்துக் குளிர்சாதனம். இளம் டீச்சர் தேன் போலப் பேசினார். மதிப்பெண்படி வரிசை பிரித்திருக்கிறார்களாம்: முன்னால் முயல், நடுவே மான், பின்னால் ஆமை. போர்டு தெரியவில்லை என்று வீட்டில் அழுதுகொண்டிருந்த என் மகள், கடைசியில், ஆமை.

“கொஞ்சம் ஸ்லோ சார். மத்தவங்க டிஸ்டர்ப் ஆகக் கூடாதுல்ல?”

வழி நெடுக மனதுக்குள் தயாரித்த முழக்கம் ஒன்று என்னிடம் இருந்தது. வாயைத் திறந்தேன். “தேங்க்ஸ் மேடம்” என்று வந்தது.

அக்காதான் கேட்டாள். “ஆமைன்னா எந்த ஆமை டீச்சர்? கடலாமையா? அது தண்ணிக்குள்ள போற வேகம் நீங்க பாத்ததில்லையே?”

அதே மரியாதை. அதே கவலை. டீச்சர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மகளின் பையை எடுத்து வந்து முன் பெஞ்சில் வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

“ஆன்ட்டி, ப்ளீஸ், எந்திரிங்க.”

“எந்திரிக்கிறேன் தாயி. மொதல்ல புள்ள இங்கன உக்காரட்டும்.”

மகள் உட்காரும்வரை அவள் அசையவில்லை. பிறகு பலகையை நிமிர்ந்து பார்த்தாள். வாசல் நிலை குறுக்கே இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் எழுத்து.

“தம்பி, அங்கன என்னலே எழுதியிருக்கு?”

‘பெற்றோரே வருக’ என்று வண்ண மையில் எழுதியிருந்தார்கள்.

“‘வாங்க’ன்னு எழுதியிருக்குக்கா” என்றேன்.

ஒரு வகுப்பறைக்குள் அவளை வாங்க என்று கூப்பிட்டது அந்தப் பலகை ஒன்றுதான். அதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.