இடப்பக்கம் தெரியாமல் ஓட்டிய வான்

மூன்று வருடத்துக்கு முன், வைகாசி வெயில் கொளுத்திய ஒரு மதியம். பேசாலையில் கடைசிப் பிள்ளையையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பள்ளிக்கூட வானை தலைமன்னாரில் இருக்கும் என் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

அந்த நாட்களில் ஒழுங்கான நித்திரையே இல்லை. படுத்தால் மூச்சு முட்டியதுபோலத் திடுக்கிட்டு விழிப்பேன். திரும்பிப் படுத்தால் மறுபடியும் அதேதான். காலையில் கண் சிவந்து, மண் விழுந்ததுபோல உறுத்தும். நித்திரைக் குறைவுதானே என்று பாமசியில் ஏதோவொரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வேன். என் குறட்டை தாங்காத மனைவி, "ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்று எத்தனையோ தரம் சொன்னாள். குறட்டைக்கெல்லாமா டொக்டர் என்று சிரித்துவிடுவேன்.

அன்று இடப்பக்கமாக ரோட்டில் ஏறும் சின்ன ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நான் காணவேயில்லை. 'டமார்' என்ற சத்தத்துக்குப் பிறகுதான் பிரேக்கை மிதித்து, கீழே இறங்கினேன். சைக்கிள் பெட்டியிலிருந்த மீன் ரோட்டில் சிதறிக் கிடந்தது. என்னைவிட மூத்த ஒருவர் முழங்கையில் இரத்தம் வழிய எழும்பினார்.

"கண் பொட்டையோ உனக்கு?" என்று கத்திக்கொண்டு வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "மணியடிச்சுக்கொண்டுதான் வந்தனான். உண்மையாக் காணேல்லையோ?"

"சத்தியமாக் காணேல்லை அண்ணை."

அவர் என் இடது காதுப் பக்கமாகக் கையை நீட்டினார். "நேரா பார் தம்பி. விரலை ஆட்டுறன், தெரியுதோ?"

எதுவும் தெரியவில்லை.

"என்ர தங்கச்சிக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. நாங்கள் பிந்திப்போனம். நீ இனி வானைத் தொடாதை."

சிதறிய மீனைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என் மச்சானை வரவழைத்து, என்னை அவனிடம் ஒப்படைத்த பிறகுதான் சைக்கிளை நிமிர்த்தினார்.

மச்சானும் மனைவியும் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியில், வாங்கில் இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பொத்திப் பார்த்தேன். பரிசோதித்த கண் டொக்டர், "நித்திரை எப்பிடி? குறட்டை விடுவீங்களோ?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வருது டொக்டர். திரும்பி வருதோ எண்டு பாத்துப் பாத்து எனக்கும் நித்திரை இல்லை."

அது எனக்கு அன்றுவரை தெரியாது.

கண் அழுத்த நோய் என்றார் டொக்டர். இடது கண்ணின் நரம்பு நிறையக் கெட்டுவிட்டது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். நித்திரையில் மூச்சு நிற்பவர்களுக்கு இந்த நோயும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லதாம்.

இப்போது நித்திரையில் மூச்சு நிற்காமலிருக்க, முகமூடி வழியாகக் காற்றுத் தரும் மெசினோடு படுக்கிறேன், நாளாந்தம் சொட்டு மருந்து விடுகிறேன். வானை மச்சான் ஓட்டுகிறான். என் நித்திரை என் சொந்த விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சைக்கிளில் மோதுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் அதே வானில் பதினொரு பிள்ளைகள் இருந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஓர் இடத்தில் நிற்பதில்லை.