அரக்கன் பெரட்டுக்குப் போன நேரம்

நூலகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து கதைப்புத்தகம் வாசிக்கலாம் என்று நம்பி வந்து ஏமாந்தவர்கள் என்னைத் தவிர இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். இது அவர்களுக்காக எழுதியது. 1996இல், யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பஜாரில், கீழே கடையும் மேலே நூலகமுமாக இருந்த கட்டடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள். மழை பெய்தால் மரத்தில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாவிட்டால் ஆட்கள் பஜாருக்கு வருவார்கள், பஜாருக்கு வந்தவர்கள் நனையாமல் நிற்க எங்கள் மாடிக்கு வருவார்கள். எங்கள் வாசகர்களில் பாதிப் பேரை மழைதான் பிடித்துக் கொடுத்தது.

தமிழுக்கென்று இருந்தது ஒரே ஓர் அலுமாரி. அதில் முக்கால்வாசி மாயாஜாலக் கதைகளும் இளம் பிள்ளைகளுக்கான வீரதீரக் கதைகளும்தான். யாரோ புண்ணியவான் வீட்டைக் காலி பண்ணும்போது அனுப்பியவை. தமிழ் இலக்கியம் படித்து உயர்தரப் பரீட்சையில் தேறியவள் என்ற மிதப்பில் இருந்த எனக்கு அவற்றின் மேல் ஒரு மரியாதையும் இல்லை. அந்த மரியாதை பிறகு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

குதிரைக்குத் தீனி

எங்கள் பொறுப்பாளர் மெனிக்கே நோனா தங்கமான மனுஷி. சிங்களவர்; தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. நான் வருவதற்கு முன்பு தமிழ்ப் புத்தகங்களை அவரே அட்டைப் படத்தைப் பார்த்துப் பிரித்து அடுக்கியிருந்தார். கடல் பூதத்தின் கதையில் கப்பல் படம் இருந்ததால் அது புவியியலில் இருந்தது. இறக்கை முளைத்த வெள்ளைக் குதிரையின் கதை கால்நடை வளர்ப்பில், ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவில் நின்றது.

ஒருநாள் ராமையா என்பவர் மழைக்கு ஒதுங்க வந்தார். பால்வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். வந்ததற்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஆடு வளர்ப்புப் புத்தகம் கேட்டார். ஆட்டை வேறு யாரோ கொண்டுபோயிருந்தார்கள். நோனா பக்கத்திலிருந்த குதிரையை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு விஷயம் தெரிந்தபோது அவர் பஸ் ஏறிவிட்டார். இரண்டு வாரம் கழித்து, ஷொப்பிங் பேக்கில் சுற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "மன்னிச்சிக்கங்க அண்ணே, புத்தகம் மாறிப் போச்சு" என்றேன். அவர் சொன்னார்: "பரவால்ல மிஸ், கத நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா இருநூறு பக்கம் பறந்துகிட்டே இருக்கு, அந்தக் குதிரைக்கு என்னா தீனி போட்டாங்கன்னு ஒரு எடத்துலயும் சொல்லலியே!"

புள்ளைக்குத்தான்

அதற்குப் பிறகு அவர் ஆட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. மழை பெய்கிற நாளெல்லாம் வந்து மாயாஜாலக் கதை ஒன்றை எடுத்துப் போவார். "புள்ளைக்கு மிஸ்" என்று நான் கேட்காமலே சொல்லுவார். சில வாரம் கழித்து பிள்ளையின் அபிப்பிராயமும் வந்து சேரும். "சூனியக்காரி கெட்டவதான், ஆனா அந்தக் கதையில ஒழுங்கா வேல செய்யிறது அவ ஒருத்திதானாம்." "ராஜகுமாரன் மூணு மாசம் காட்டுல அலையிறானாம், ஒரு அட்ட கூட கடிக்கலயாம். எந்த ஊரு காடு மிஸ் அது?"

எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நான் பரீட்சைக்காகப் பாடமாக்கிய விமர்சனக் கட்டுரை எதிலும் இப்படி ஒரு வரி இருந்ததில்லை. எட்டு ஒன்பது வயதிருக்கும், வாசிப்புப் போட்டியில் சேர்த்தால் பரிசு நிச்சயம் என்று கணக்குப் போட்டு, விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டேன். ராமையா தலையைச் சொறிந்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் சொன்னார்: "வர்ற தையோட மூணு முடியிது மிஸ்."

மழைச் சத்தம்

பிடிபட்ட பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். அவர் மனைவி பார்வதி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை விட்டுத் தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்று, இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவள். பள்ளிக்கூடத்தில் இருந்த கதைப்புத்தகம் எல்லாவற்றையும் படித்து முடித்தவளாம். இவருக்கோ கடிதத்தில் "நாங்கள் சுகம், நீ சுகமா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பக்கத்துக் காம்பராவில் டேப் ரெக்கோடர் இரவல் வாங்கி, கேசட்டில் பேசி அனுப்பப் பார்த்திருக்கிறார். பாதி கேசட் இருமல்தான் பதிவாகியிருந்தது. பறக்கும் குதிரை கையில் வந்த அன்று அதையே சத்தமாக வாசித்துப் பதிந்தாராம். பேச்சு தடங்கலில்லாமல் வந்ததாம். அதிலிருந்து மாதம் ஒரு கேசட். அபிப்பிராயமெல்லாம் அவளுடைய கடிதத்தில் வருவது.

அதன் பிறகு அந்தக் கடிதங்களில் கதை வரும் பகுதிகளை எனக்கும் வாசித்துக் காட்டத் தொடங்கினார். கோபுரத்தில் அடைத்து வைத்த ராஜகுமாரியைப் பற்றி பார்வதி எழுதியிருந்தாள்: அவள் கூந்தல் எவ்வளவு நீளம் என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள், அவள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. போர்த்தினால் ஆள் மறைகிற மாயப் போர்வைக்கு இப்படி எழுதியிருந்தாள்: "இதுக்குப் போர்வை எதுக்குங்க? நான் இந்த வீட்டுல ஒண்ணும் போத்தாமதான் நடமாடுறேன், யாரு கண்ணுக்கும் தெரியிறதில்ல." எனக்குச் சிரிக்க வரவில்லை. ராமையாவும் அந்த இடத்தை வேகமாக வாசித்துத் தாண்டினார்.

பேச்சை மாற்ற, தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேசட்டில் கதையை அமுக்குமே, வெயில் நாளில் பதியுங்கள் என்றேன். "சொல்லிப் பாத்தேன் மிஸ். மழய மட்டும் நிப்பாட்டிப்புடாதீங்கன்னு எழுதியிருக்கா."

மாஸ்டரின் முறைப்பாடு

பக்கத்துப் பாடசாலை மாஸ்டர் ஒருநாள் குடையோடும் கோபத்தோடும் மாடியேறி வந்தார். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு நடுவில் மாயாஜாலக் கதையை வைத்து வாசிக்கிறார்களாம். "வயது வந்த பிள்ளைகளுக்கு இது எதற்கு தங்கச்சி? நிஜ வாழ்க்கையைப் பற்றிய புத்தகமாகக் கொடுங்கள்" என்றார். மூன்று மாதம் முன்னால் என்றால் நானே தலையாட்டியிருப்பேன். இந்தத் தடவை, கதவோரம் தலை துவட்டிக்கொண்டிருந்த ராமையா, தன்னிடம் யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார். "நெசத்தத்தான் மாஸ்டர் தெனம் காலையில பெரட்டுல பாத்துகிட்டு இருக்கோம்" என்றார். காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கிற இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அதைப் பார்த்தவர்களுக்கு நிஜத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மாஸ்டர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து, அலுமாரியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, பறக்கும் குதிரையை எடுத்து என் மேசையில் வைத்தார். அவராகவே சொன்னார்: "பிள்ளைக்குத்தான்."

எட்டுப் பக்கம்

நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்கிற ஒரு தப்பு இருக்கிறது: கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் புத்தகம் கொடுப்பது. நான் அதைச் செய்தேன். ஏழு மலைக்கு அப்பால் ஓர் அரக்கனின் மாளிகைக்கு வேலைக்குப் போகிற ஒரு கன்னிப் பெண்ணின் கதை அது. ஏழு வருடத்தில் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிக் கூட்டிப் போன அரக்கன், ஏழு வருடம் முடிகிற அன்று, இன்னும் ஏழு வருடம் இரு என்கிறான். அந்த இடத்தில் புத்தகம் நின்றுபோனது. மீதி எட்டுப் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அதுவரைக்கும் உள்ள கதையை ராமையா பதிந்து அனுப்பியும் விட்டார்.

பார்வதியின் பதில் வந்த அன்று ராமையா மழை இல்லாமலே மாடியேறி வந்தார். அவளுக்கும் இரண்டு வருடம் முடிகிறது. அந்த வீட்டு அம்மா இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறாள். நீங்க என்னா சொல்றீங்க என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே, அந்தப் புள்ள வீட்டுக்கு வந்திச்சா, அங்கேயே இருந்திருச்சா, அதையும் சொல்லுங்க என்றும் எழுதியிருந்தாள். "வரச் சொல்லி எழுதுங்களேன் அண்ணே" என்றேன். "எப்படி மிஸ்? போகச் சொன்னவன் நானாச்சே. வீடு பாதியில நிக்கிது. இப்ப வான்னு சொல்ல வாயி வரமாட்டேங்குது" என்றார். மகள் இப்போதெல்லாம் டேப் ரெக்கோடரைக் காட்டித்தான் அம்மா என்கிறாளாம்.

கொழும்பில் இரண்டு மூன்று புத்தகக் கடைகளுக்கு எழுதிக் கேட்டேன். எங்கும் அந்தப் புத்தகம் இல்லை. கடைசியில் நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு வெள்ளைப் பறவை பளிங்குச் சாவி கொண்டுவந்தது, ஏழு மலையும் தலை குனிந்து வழிவிட்டன, அந்தப் பெண் அரக்கனுக்கு முன்னால் நின்று செந்தமிழில் இரண்டு பக்கம் பேசினாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. ஆனால் முடிவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இதைக் கேட்டு அவள் வந்து, வீடு பாதியிலேயே நின்றால் அந்தப் பாவம் யாருக்கு? வராமல் இருந்தால் அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டு மெனிக்கே நோனா காரணம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பேனாவை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தார்: "லியன்ன துவே, நீ எழுது மகள். பிழையாப் போனா அந்தக் குதிரைக்குப் பக்கத்துல வச்சிடுவோம்."

பிளேன்டீ

அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பி வைத்துக் கதையை முடித்தேன். கொழும்பில் ஒரு பிரதி கிடைத்தது, பார்த்து எழுதி வந்தேன் என்று ராமையாவிடம் பொய் சொல்லி எட்டுப் பக்கத்தையும் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஷொப்பிங் பேக்கில் வைத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து, பதிந்து அனுப்பியாயிற்று என்று சொல்லித் தாள்களைத் திருப்பித் தந்தார். நான் அவற்றைப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்து வைத்தேன். பிறகு இரண்டு மாதம் அவர் வரவில்லை. மழை பெய்யும் போதெல்லாம் நான் படிக்கட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒரு மழை நாளில் மூன்று பேராக ஏறி வந்தார்கள். ராமையா, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மகள், பின்னால் மெலிந்த ஒரு பெண். யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஏழு மலைக் கதையைப் பார்க்கலாமா என்று பார்வதி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே என் எட்டுப் பக்கத்தையும் மளமளவென்று வாசித்தாள். நல்ல வாசகி, உதடு கூட அசையவில்லை. நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

"இது இல்லியே மிஸ்" என்றாள். "கேசட்டுல பறவையும் இல்ல, சாவியும் இல்ல. அரக்கன் காலையில பெரட்டுக்குப் போன நேரம் பாத்து அந்தப் புள்ள கதவத் தொறந்துகிட்டு வந்திருச்சின்னு வந்திச்சி. அரக்கனுக்கு எங்க மிஸ் பெரட்டு? சரி, அத விடுங்க. அந்தப் புள்ளைக்குக் கலியாணமே ஆகல. கடைசியில பாத்தா அதோட வீட்டுக்காரரு வாசல்ல நிக்கிறாரு, ஒண்ணும் பேசாம, கையில ஒரு கோப்ப பிளேன்டீயோட. நான் அந்த எடத்த நாலு தடவ போட்டுக் கேட்டேன். அப்புறம் அந்த வீட்டு அம்மாகிட்ட போயி, நான் இருக்க மாட்டேன், ஊருக்குப் போறேன்னு சொல்லிப்புட்டேன்." வீடு பாதியிலேயே இருக்கிறதே என்று நான் இழுத்தேன். பாதி வீட்டுக்கும் கதவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மகளுக்கு அலுமாரிப் புத்தகங்களில் படம் காட்டப் போய்விட்டாள். குழந்தை அவளோடு இரண்டு அடி போய், திரும்பி அப்பாவைப் பார்த்து, மறுபடி இரண்டு அடி போனது.

நான் ராமையாவிடம் திரும்பினேன். அவ்வளவு பாடுபட்டு எழுதிக் கொடுத்ததை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன். நான் எழுதியது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டதை அப்போது கவனிக்கவில்லை. அவர் கவனித்தார், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கோவிச்சிக்காதீங்க மிஸ். எழுத்து நல்லாத்தான் இருந்திச்சி. ஆனா அதுல வீட்டுக்கு வந்தது வேற யாரோட பொஞ்சாதியோ மாதிரி இருந்திச்சி."

பதினொரு வருடம் அந்த அலுமாரியின் சாவி என்னிடம் இருந்தது. அத்தனை வருடத்தில் நான் எழுதிய ஒரே கதையை வாசித்தவர்கள் மொத்தம் இரண்டு பேர், இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை, அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அந்த வேலையில் பிறகு கிடைக்கவும் இல்லை.