சும்மா கிடைத்த கையெழுத்து

என் மச்சான் தாசனின் வலது கையை உடைத்தது ஐஸ் மெஷின் அல்ல. நான்!

மூன்று அடி. ஐஸ் பாரை உடைக்கும் மரக்கட்டையால், மணிக்கட்டுக்குக் கீழே. பன்னிரண்டு வருடமாக இது அவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அவனுடைய அக்கா ரூத்... என் மனைவி... அவளுக்குக்கூடத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

நான் யார் தெரியுமா? கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் இறால் கூடை சுமந்து தொடங்கியவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். இன்று என் ஐஸ் பேக்டரியிலிருந்து கிளம்பும் இறால் ஸ்பெயின் வரை போகிறது. எவனும் எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை! இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

அறுபத்திரண்டு வயதில் ஸ்பானிஷ் படிக்கப் போனேன், நம்புவீர்களா? நடுவில் ஒருவன் பேசி என்னை ஏமாற்றிவிடக்கூடாதே என்று, ஸ்பெயினில் வீகோ என்னும் துறைமுக ஊருக்கே போய் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பரங்கிப்பேட்டை ஜாபர் பாய். அவரும் மீன் வியாபாரிதான்.

ஒரு நாள் டீச்சரம்மா, அவரவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னாள். "கத்தோலிக்கமா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லை, லுத்தரன்" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுந்தேன். சின்ன வயதில் சபையில் மனதில் ஏற்றியது ஒன்று உண்டு... நாம் செய்யும் எதற்கும் கூலியாக மன்னிப்பு வருவதில்லை. அது கிருபை. சும்மா கிடைப்பது! தெரிந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அதைத்தான் விளக்கினேன். எல்லாப் பாவத்தையும் கடவுள் மன்னிக்கிறார் என்று பலகையிலும் எழுதினேன்.

வகுப்பே சிரித்தது!

"அண்ணே, பாவத்துக்கு பெக்காதோ. நீங்க பெஸ்காதோன்னு எழுதிட்டீங்க, மீனு! எல்லா மீனையும் ஆண்டவன் மன்னிக்கிறாராம்!" ஜாபர் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எங்க போனாலும் யாவாரம் கூடவே வருதுண்ணே!"

டீச்சரம்மா சிரிக்கவில்லை. அருகில் வந்து, சாக்பீஸ் பிடித்த என் விரல்களின்மேல் தன் விரல்களை வைத்து, அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிட்டு எழுதவைத்தாள்.

அவ்வளவுதான். எப்படி நடந்ததென்று எனக்கே... அவள் மணிக்கட்டு என் பிடியில் இருந்தது. முறுக்கினேன். சாக்பீஸ் நொறுங்கியது. அவள் அலறினாள். ஜாபர் பாய் என் இடுப்பைக் கட்டி இழுத்திராவிட்டால் அந்தக் கையையும் உடைத்திருப்பேன்!

"யா அல்லாஹ்... வுடுங்கண்ணே! எழுத்துதானே சொல்லிக் குடுத்துச்சு அந்தம்மா?"

எழுத்துதான்! அதுதான் விஷயமே. மறுநாள் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

படித்த கொஞ்சமும் மறந்துபோய், முப்பது வயதுவரை நான் கைநாட்டு. கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தாசன்தான் என் விரல்களின்மேல் விரல் வைத்து, மாலை மாலையாக எழுத்துப் பழக்கினான். கையெழுத்து வந்தது. பிறகு எழுதவும் வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐஸ் பேக்டரி திறந்த அன்று, வந்தவர்கள் முன்னால் வழக்கம்போல என் பெருமையைப் பேசினேன். எவனும் எதையும் சும்மா கொடுத்ததில்லை என்றேன். பின்னாலிருந்து தாசன் சிரித்தான்.

"மாமா, அந்தக் கையெழுத்து நான் சும்மா குடுத்ததுதானே? மறந்துட்டியா?"

கூடை தூக்குபவர்கள் வரை சிரித்தார்கள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் அவனை ஐஸ் அறைக்குள் இழுத்துப் போனேன். "எந்தக் கைடா குடுத்தது?" கேலி என்றே நினைத்து, வலது கையை நீட்டினான்! அதை ஐஸ் பாரின்மேல் அழுத்தினேன். முதல் அடிக்கு "மாமா" என்றான். இரண்டாவதற்கும் "மாமா" என்றான். மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. ஐஸில் இரத்தம் இறங்குவதைப் பார்த்தபடி நின்றேன்... வருத்தமா? இல்லை. அப்பாடா என்றிருந்தது! உண்மை அதுதான்.

ஆஸ்பத்திரியில் அவனாகவே, "மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்றான். நான் கெஞ்சவில்லை. கேட்கக்கூட இல்லை. அவன் ஏன் அப்படிச் சொன்னான்? அக்காளுக்காகவா? எனக்காகவா? எனக்காக என்றால்... அதை எப்படித் தாங்குவது? ஞாயிறு தோறும் சபையில் போதகர் ஐயர் பாவமன்னிப்பு கூறும்போது ரூத் ஆமென் சொல்கிறாள். என் வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை.

ஸ்பெயினிலிருந்து திரும்பியதும், தாசனிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றே சிதம்பரம் போனேன். அங்கே அவனுக்கு ஜெராக்ஸ் கடை. வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறான், இடது கையால்! முத்துப்போல் எழுதியவன்... எழுத்துகள் இப்போது ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன.

கீரப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், "சோத்தாங் கைக்கு என்னாச்சுப்பா?" என்று கேட்டாள்.

தாசன் என்னைப் பார்த்தான். வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஐஸ் மெஷின்ல மாட்டிக்கிச்சும்மா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "காபி சொல்லட்டுமா மாமா?"

உங்களுக்கு எழுத முடிகிறது, அவன் கொடுத்த எழுத்தாலேயே. அவனிடம் வாய்விட்டுச் சொல்ல?

"சக்கர கம்மியா சொல்லு" என்றேன்.

அதை மட்டும்தான் சொன்னேன்.