பத்தூலின் கால்

பதினொரு வருஷமாகப் பாபிகிர் தன் அண்ணி பத்தூலின் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவள் காலில் இருந்த மருதாணிதான் காரணம்.

அவன் அண்ணன் சிராஜ், அபு ஹமது பக்கத்துப் பாலைவனத்தில் தங்கம் தோண்டப் போனவன். குழி சரிந்து உள்ளேயே போய்விட்டான். உடலைக்கூட எடுக்க முடியவில்லை என்று கூட இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். பாபிகிர் வாசலில் துக்கப் பாய் விரித்தான். மூன்றாம் நாள் பத்தூல் வெளியே வந்தாள், உள்ளங்கால் வரை கருகருவென்று புது மருதாணியோடு. புருஷன் இருக்கிறவள் பூசுவது அது. செத்தவன் பெண்டாட்டி தொடமாட்டாள். வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"எங்கண்ணன் மண்ணுக்குள்ள கிடக்கான், உனக்குச் சிங்காரம் கேக்குதா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அதன்பிறகு நிறம் மங்க மங்கப் பூசிக்கொண்டே இருந்தாள்.

கண் தெரியாத அம்மா அவளோடுதான் இருந்தாள். பாபிகிர் லாரியை நிறுத்தி, சோளமூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, அங்கிருந்தே அம்மாவிடம் பேசிவிட்டுப் போவான்.

போன நோன்பில் அம்மா போய்ச் சேர்ந்தாள். ஒன்பது மாதம் கழித்துப் பத்தூல் ஆளனுப்பினாள். சிறுநீரகம் கெட்டு, கயிற்றுக் கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தாள்.

"வாங்க கொழுந்தனாரே! ஒட்டகம்கூட இத்தன வருஷம் கறுவாது."

"சாகக் கிடந்தாலும் வாய் மட்டும் குறையல," என்றவன் அவள் காலைப் பார்த்தான். வெளுத்திருந்தது. "எங்க போச்சு உன் சிங்காரம்?"

"அத்தை போன அன்னிக்கே விட்டுட்டேன். நீ பாய் விரிச்சப்ப என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. 'நீ பூசுடி, பூசினா எம்புள்ள இருக்கான்'னாங்க. தினம் என் காலை மோந்து பாத்தாத்தான் அவங்களுக்குக் கஞ்சி இறங்கும்."

பாபிகிர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா அவங்ககிட்ட சண்டைக்குப் போயிருப்ப. செத்துட்டான் செத்துட்டான்னு கத்தியிருப்ப."

போயிருப்பான்தான்.

"பாக்க வர்றவளுங்க எல்லாம் மருதாணிக் கிண்ணத்தோட வர்றாளுங்க, நோய்க்காரிக்கு நல்லதுன்னு. இந்த ஊர்ல என் காலு வெறுமையா இருக்கணும்னு நெனச்ச ஆளு நீ ஒருத்தன்தான்." மூச்சு வாங்கினாள். "அவருக்காக நான் ஒரு நாள்கூடத் துக்கம் காக்கல. அவரு விதவையாவாவது போறேன். கட்டைவிரல் நக நுனியில இன்னும் கருப்பு ஒட்டிட்டிருக்கு, எனக்குக் குனிய முடியல. கொழுந்தன் நீ, தொடக்கூடாதுதான். துணியப் போட்டுப் புடிச்சுக்கோ. வெட்டி விட்ரு, தம்பி."