பாதியில் நின்ற மடிக்கணினி

என் மனைவியின் தொண்டையைக் கெடுத்தது கணக்குப் பாடம். தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு ஆசிரியை. மேலே மின்விசிறி கடகடக்கும், பக்கத்து வகுப்பில் யாரோ செய்யுளை ஒப்பிப்பார்கள், அத்தனைக்கும் மேலாக இவள் இயற்கணிதத்தைக் கத்த வேண்டும். பல வருடம் கத்தினாள். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இப்படியே போனால் பேச்சே இருக்காது என்று சொல்லிவிட்டார். முழுப் பரீட்சை முடிந்ததும் வேலையை விட்டாள்.

சும்மா இருக்கும் ஆள் இல்லை அவள். துபாயில் இருக்கும் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தாள். மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு ரகசியம் பேசுவதுபோல் பேசினால் போதும். டாக்டரும் சரி என்றார். பள்ளிக்கூடம் மட்டும் விடுவதாயில்லை. தாளாளரே கூப்பிட்டு, பத்தாம் வகுப்புக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, பள்ளி திறப்பதற்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இணைய வகுப்பு நடக்கவில்லை என்றால் அவள் திரும்பவும் அங்கேதான் போய் நிற்பாள், எனக்குத் தெரியும். போனால் குரல் போய்விடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது ஒரு பழைய மடிக்கணினி.

முன்பு அது என்னுடையது. நான் வண்ணார்பேட்டையில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை பார்க்கிறேன். அரிசி ஆலை, ஜவுளிக்கடை என்று வாடிக்கையாளர் இடங்களுக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அலுவலகம் புதிதாக ஒன்று கொடுத்ததும் இது அவளிடம் போனது. வினாத்தாள் தட்டச்சு செய்யும் வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது. வீடியோ வகுப்புக்கான செயலியைப் போடப் போனபோது, உங்கள் இயங்குதளம் மிகப் பழையது என்று அது கையை விரித்துவிட்டது. புதிய கணினி வாங்கிவிடலாம் என்றேன். தொடங்காத வேலைக்குப் புது மிஷினா என்று கேட்டாள். அவளிடம் அதற்கு மேல் பேசிப் பயனில்லை.

எனக்குக் கணினி தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். புதிய இயங்குதளத்தை பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவளுடைய வினாத்தாள்களையெல்லாம் முதலிலேயே வேறொரு வட்டில் எடுத்து வைத்துவிட்டேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு.

நீலத் திரை வந்தது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பாதியைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகள் அப்படியே நின்றுவிட்டன. சுட்டியை அசைத்தேன், அம்பு அசையவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பதில் இல்லை. கடைசியில் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை பாதிகூட வரவில்லை.

பென்டிரைவைக் குறை சொன்னேன், வேறொன்று கொண்டுவந்தேன். நினைவகத் தகட்டைக் குறை சொன்னேன், அதற்கென்று அடியில் இருக்கும் சின்ன மூடியை மட்டும் திறந்து, கழற்றி அதன் பித்தளை நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். உள்ளே இருக்கும் அமைப்புகளை மாற்றி மாற்றி வைத்தேன். வட்டை இரண்டு முறை சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. காபி கொண்டுவந்து வைத்தவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் டம்ளரைக் கணினியிலிருந்து தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஜங்ஷனில் எனக்குப் பழக்கமான கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார்.

“அண்ணாச்சி, சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? இதுக்கு வயசாயிட்டு. புதுசு எடுத்துக்கோங்க” என்றார்.

பழமொழி சொல்லி விற்பவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். பள்ளி திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தாளாளர் மறுபடி கூப்பிட்டதாகச் சொன்னாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று ஓர் எண்ணம்.

அந்த வாரம் தினமும் அலுவலகம் போகுமுன் ஒரு முறையும், வந்த பிறகு இரண்டு மூன்று முறையும் முயன்றேன். அவள் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சாயங்காலம், அது வழக்கம்போல் நின்று நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

“காலைல வச்சா முக்கால்வாசி ஓடுது. நின்ன உடனே திரும்ப வச்சா ஆரம்பத்துலயே நின்னுருது. ஆறுனா ஓடுது, சுட்டா நிக்குது. மத்தியான வகுப்புல பிள்ளையளும் அப்படித்தான்.”

உனக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை கணினியின் அடியைத் தொட்டுவிட்டது. தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது, ஆனால் பக்கவாட்டு ஓட்டையில் கையை வைத்தால் காற்று வரவில்லை. சூடு தாங்காமல்தான் நின்றிருக்கிறது. பழைய வேலைகளுக்கு அவ்வளவு சூடாவதில்லை, இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததும் மூச்சுத் திணறியிருக்கிறது. அவள் சொன்னது சரி என்று அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தாள். நான் இந்தத் தடவை முழு அடிமூடியின் திருகாணிகளையும் கழற்றினேன். உள்ளே தூசியை எதிர்பார்த்தேன், தூசி இருந்தது. ஆனால் காற்றாடிக்கும் சூட்டை வெளியேற்றும் தகடுகளுக்கும் நடுவில் அது சாதாரணத் தூசியாக இல்லை. மஞ்சளும் சிவப்புமாக இறுகி, அடையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

சரஸ்வதி பூசைக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். புத்தகம், கிரைண்டர், என் பைக், கத்தரிக்கோல், ஒன்றும் தப்பாது. வெகு நாளைக்கு முன்பு ஒரு வருடம் இந்தக் கணினியின் மூடி நடுவிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். நான் கவனிக்காமல் ஓர் அரிசி ஆலைக்கு எடுத்துப் போய்விட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, “கணக்கை இப்ப சாமிதான் பாக்குதோ?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும், இனிமேல் இதில் பொட்டு வைக்காதே, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். அவள் சரி என்றாள். அடுத்த வருடத்திலிருந்து மூடி சுத்தமாகவே இருந்தது. அந்த விஷயம் அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை. கணினியைக் கவிழ்த்து, யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதிலும் காற்று உள்ளே போகும் சல்லடை மேல்; அதன் ஓட்டைகளில் மங்கிய மஞ்சள் கறை இருந்தது. கிரைண்டருக்கு மோட்டார் பக்கம் வைப்பாள், பைக்குக்கு விளக்கில் வைப்பாள். எதற்கு எங்கே உயிர் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு. வருடா வருடம் வைத்த பொட்டு காய்ந்து, உதிர்ந்து, உள்ளே விழுந்து, தூசியோடு சேர்ந்து அதன் மூச்சை அடைத்துவிட்டது. இன்னும் எதையெல்லாம் நான் வேண்டாம் என்று சொல்லி, அவள் சரி என்று கேட்டுக்கொண்டு, கவிழ்த்து வைத்துச் செய்துகொண்டிருக்கிறாளோ தெரியாது. அந்த அடையைப் பெயர்த்து ஒரு செய்தித்தாளில் மடித்து வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வெட்கமாக இருந்தது.

மிச்சத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் ஊக்காலும் சுரண்டி எடுத்தேன். சூட்டைக் கடத்தும் பழைய பசை காய்ந்துபோயிருந்ததால் துடைத்துவிட்டுப் புதிது வைத்தேன். நிறம் வெள்ளை என்றாலும் அதுவும் குழைத்த சந்தனம்போல்தான் இருக்கிறது. சூடாகும் சிப்பின் நடுவில் ஒரே ஒரு சொட்டு. நானும் ஒரு பொட்டுதான் வைத்தேன்.

அவள் திரும்பி வரும்போது புள்ளிகள் பாதியைத் தாண்டிச் சுற்றிக்கொண்டிருந்தன. சேலைகூட மாற்றாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணினி தானாக அணைந்து, தானாக எழுந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. ஓட்டையில் கையை வைத்தேன், சூடான காற்று தாராளமாக வந்தது.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வரமுடியாது என்று சொல்லிவிடு என்றேன்.

“அது போன வாரமே சொல்லியாச்சு” என்றாள்.

“இது ஓடாம கெடக்கும்போதேவா? ஓடாமலே போயிருந்தா?”

“அதெப்படி ஓடாமப் போவும்? வருசா வருசம் பொட்டு வச்சிருக்கேம்லா.”

அந்த அடை பக்கத்து அறையில் செய்தித்தாள் மடிப்பில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். சரியான நேரத்தில் சரியான சான்றை எடுத்து வைப்பதுதான் என் தொழில். ஏனோ எழுந்திருக்கத் தோன்றவில்லை. என்ன கோளாறு என்று கேட்டாள். தூசி என்றேன்.

வகுப்பு நடக்க ஆரம்பித்தது. அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு அவள் புத்தகங்களை அடுக்கி, மைக்கையும் வைத்து, பழக்கத்தில் கணினியைக் கவிழ்த்துப் போட்டாள். விரலில் சந்தனம் எடுத்திருந்தாள். நான் குனிந்து கணினியை நிமிர்த்தி வைத்தேன்.

“மேல வை.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடியின் நடுவில் கொஞ்சம் பெரிதாகவே வைத்தாள்.

இப்போது சாயங்காலங்களில் அவள் பாடம் நடத்தும்போது நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மெதுவாகத்தான் பேசுகிறாள், துபாயில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. நான் இருக்கும் இடத்துக்கு அவள் குரல் எட்டுவதில்லை. திறந்த மூடியில் இருக்கும் பொட்டு மட்டும் எனக்கு நேராகத் தெரியும்.