மூலவர் ரஷீத்திடம், உற்சவர் என்னிடம்

காலையில் ஒரு மின்னஞ்சல். முகம் தெரியாத கல்லூரி மாணவி ஒருத்தி, "ஐயா, நீங்கள் எழுதிய எழுத்துரு மாற்றியால்தான் என் ஆய்வு முடிந்தது" என்று நன்றி சொல்லியிருந்தாள். எரிச்சல்தான் வந்தது. அதை நான் எழுதவில்லை.

எழுதியவன் என் சிநேகிதன் ரஷீத். யூனிகோட் வந்த புதிதில், பழைய எழுத்துருவில் அடித்த தமிழை வேறு கணினியில் திறந்தால் கட்டமும் கிறுக்கலுமாகத் தெரியுமே, ஞாபகமிருக்கிறதா? அதைப் படிக்கிற தமிழாக மாற்றித் தரும் நிரல் அது. காஞ்சிபுரத்தில் அவன் அப்பாவின் அத்தர் கடை மாடியில் உட்கார்ந்து எழுதினான். இன்றைக்கும் அத்தர் வாசனை அடித்தால் எனக்கு நிரல் வரியில் விட்டுப்போன அரைப்புள்ளிதான் நினைவுக்கு வரும். என் பங்கு? சோதித்துப் பார்ப்பது, பஜ்ஜி வாங்கி வருவது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிரலைத் தன் சின்ன சர்வரில் திறந்து வைத்திருந்தான். அது அடிக்கடி படுத்துவிடும். ஊரே வந்துபோகிற பெரிய தளங்கள் இரண்டில் அச்சு அசலாக ஒரு பிரதி வைப்போம், மிரர் என்பார்கள், நாலு பேர் கண்ணில் படும் என்றேன். ரஷீத் சிரித்தான்.

"மூலவர் எங்கிட்டயே இருக்கட்டும்பா. நீ உற்சவரத் தெருவுக்குத் தூக்கினு போ."

கோயில் ஊர்ப் பிள்ளை. கருவறையை விட்டு நகராதவர் மூலவர், வீதிக்கு வருபவர் உற்சவர் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரதி எடுக்கும்போது, எந்த மாற்றத்தை யார் செய்தது என்று அந்தத் தளங்கள் பெயர்ப்பட்டியல் கேட்கும். எனக்குச் சோம்பல். என் பெயரை மட்டும் போட்டேன், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று. அவனுடைய நாலு வருட உழைப்பு ஒரே மதியத்தில் என் பேருக்கு வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து ரஷீத் பார்த்தான். "எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்குது. மாத்திடு."

இப்போது மாற்றினால் ஏற்கெனவே எடுத்துப்போனவர்களின் பிரதிகள் குழம்பும் என்றேன். பொய்யில்லை. ஆனால் எடுத்துப்போனவர்கள் மொத்தமே மூன்று பேர். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சென்னையில் நேர்முகத் தேர்வு. என் பெயர் போட்ட அந்தத் தளப் பக்கத்தைத் திரையில் காட்டி, நீங்கள் எழுதியதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேலை கிடைத்தது. ரஷீத் கேள்விப்பட்டிருப்பான். அதற்குமேல் அவன் நிரலில் ஒரு வரிகூட எழுதவில்லை. சர்வரைப் புதுப்பிக்காமல் விட்டான், அது மூலவரோடு சேர்ந்து போயிற்று.

பல வருடம் கழித்துக் கடைத்தெருவில், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். நான் பார்க்காதவன்போல் திரும்பினேன், வெட்கங்கெட்டவன். அவனே கூப்பிட்டு நிறுத்தினான்.

"இவருதாம்மா அந்தத் தமிழ் மாத்தற சாஃப்ட்வேர் எழுதினவரு. சலாம் சொல்லு."

கிண்டலா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அந்த இரண்டு தளங்களில் ஒன்றை மூடிவிட்டார்கள். மற்றதில் என் பெயர்தான் நிற்கிறது. ரஷீத் எழுதினான் என்பதற்கு இனி என் வாய் ஒன்றுதான் சாட்சி. அன்றைக்கு அந்தக் குழந்தையின் எதிரில்கூட அது திறக்கவில்லை.