கழுத்துப் பட்டையோடு எடுத்த கொரியா கிளாஸ்

முதல் நாள் கிளாஸில் இருபத்தைந்து நிமிடம் நான் மட்டுமே பேசினேன். லேப்டாப் திரையில் ஆறு கட்டங்கள், ஆறு முகங்கள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. நெட் போய்விட்டதோ என்று சந்தேகம் வந்து, “கேன் யூ ஹியர் மீ?” என்று கேட்டேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஆக, காது கேட்கிறது. பேசத்தான் மாட்டார்கள்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பத்தொரு வருடம் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீட்டிலிருந்தபடியே கொரியாவில் இருக்கும் மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். எங்கள் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் இளசுகள் அடிக்கடி கேட்கிறார்கள்: “சார், கொரியா பசங்களுக்கு என்ன லெசன் பிளான் வச்சிருக்கீங்க? கொஞ்சம் அனுப்புங்களேன்.” அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் மண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

1. பேசாத ஆறு பேர்

பள்ளியில் எனக்கு அறுபது பிள்ளைகள். “பேசாதே” என்பதுதான் நான் அங்கே அதிகம் சொன்ன வார்த்தை. அதற்கெல்லாம் சேர்த்து ஓய்வுக்குப் பிறகு தண்டனை வந்தது. பேசச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய ஆறு பிள்ளைகள்.

பதின்மூன்று, பதினான்கு வயது. நமக்கு மதியம் இரண்டு மணி என்றால் அவர்களுக்கு மாலை ஐந்தரை. பள்ளி முடித்து என்னிடம் வருவார்கள். என்னை முடித்துக்கொண்டு கணக்கு டியூஷனுக்குப் போவார்கள். நான் அவர்களுக்கு நடுவில் வரும் சின்ன ஸ்டேஷன்.

முதல் வாரம் என் பழைய ஆயுதங்களை எல்லாம் எடுத்தேன். ‘மை ஃபேமிலி’ எடுத்தேன். படம் காட்டி வர்ணிக்கச் சொன்னேன். காவிரி பற்றி நானே ஒரு பத்தி எழுதி, கீழே ஐந்து கேள்வி போட்டேன். அதில் மூன்றாவது கேள்வி வரும்போது ஒரு பையன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். அந்தப் பத்தியை யாரும் என்னிடம் கேட்காதீர்கள், அழித்துவிட்டேன்.

வேதனை என்னவென்றால், பிள்ளைகள் பேச முயற்சியே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மின்ஜூன் என்ற பையன் “ஐ திங்க்…” என்று தொடங்குவான். என்னைப் பார்ப்பான். நிறுத்திவிடுவான். சொயோன் என்று ஒரு பெண், பென்சிலைக் கன்னத்தில் குத்திக்கொண்டே இருப்பாள். அவள் நான்கு வார்த்தை வரை வருவாள். நான் முகம் மலர, முழு மனதோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சட்டென்று நிறுத்தி, “சாரி, டீச்சர்” என்பாள். எதற்கு சாரி என்று எனக்குப் புரியவே இல்லை.

2. நான் சொல்லாத ‘நோ’

இரண்டாவது வாரக் கடைசியில் பார்க் மேடத்திடமிருந்து மெயில் வந்தது. சியோலில் இருந்து எங்கள் வகுப்புகளை மேற்பார்வை பார்ப்பவர் அவர். மிகவும் மரியாதையான மெயில். அந்த அளவு மரியாதையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். விஷயம் இதுதான்: ஆசிரியர் அன்பானவர் என்று மாணவர்கள் சொல்கிறார்கள். ஆனால் எதைச் சொன்னாலும் ‘நோ’ என்கிறாராம். மாதக் கடைசி வகுப்பில் மேடம் வந்து உட்காருவார். அன்றும் பிள்ளைகள் பேசவில்லை என்றால் இந்த பேட்ச் வேறு ஆசிரியருக்குப் போய்விடும்.

நானா? நோவா? கிளாஸ் ரெக்கார்டிங் அத்தனையையும் போட்டுக் கேட்டேன். ஒரு நோ கிடையாது. குட், வெரி குட், எக்ஸலன்ட் என்றுதான் வாரி இறைத்திருந்தேன். ஒரு பெண் தும்மியதற்குக்கூட ‘குட்’ சொல்லியிருந்தேன்.

பேட்ச் போனால் என் மானமும் கூடவே போகும். எங்கள் ஊர் ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கேட் மூடினால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், திறக்கும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது. சொந்தப் பெருமை பேச அதைவிட நல்ல இடம் ஏது? “நம்ம கிளாஸ் இப்ப கொரியாவுக்கே போகுதுங்க” என்று அங்கே நின்ற அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தேன். ஊரில் எனக்குப் பெயரே ‘கொரியா சார்’ என்று ஆகியிருந்தது. இனி அதே கேட்டில் நின்று “கொரியா போயிருச்சுங்க” என்று சொல்ல வேண்டும்.

அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு மதியம் இரண்டு மணி என்பது என்னைத் தேடி யாரும் வராத நேரமாக இருந்தது. இப்போது அந்த நேரத்துக்கு ஆறு முகம் வந்து காத்திருக்கிறது. பேசாவிட்டாலும் வந்துவிடுகிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

3. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தவள்

குறுவை நடவு நேரம். என் மனைவி வசந்தாதான் வயலைப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு வயலில் ஒரே ஒரு வேலை, வரப்பில் வழுக்கி விழாமல் நிற்பது. அன்று நடவு ஆட்களை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், டிராக்டர்காரரிடம் போனில் பேச வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்த ரெக்கார்டிங்கின் சத்தத்தை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன். போனை வைத்த பிறகும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

“என்னங்க, அந்தப் புள்ள ஏதோ சொல்ல வருது. நீங்க ஏன் ஆட்டுறீங்க?”

“எத?”

“மண்டையத்தான்.”

“கேட்டுக்கிட்டிருக்கேன் வசந்தா. ‘உம், சொல்லு சொல்லு’ன்னு அர்த்தம்.”

“அது எனக்குத் தெரியும், முப்பது வருஷமா பாக்குறேன். அதுக்குத் தெரியுமா? நல்லா பாருங்க. நீங்க ஆட்டுறீங்க, அது வாய மூடுது. இந்தா, அடுத்தவன். ஆட்டியாச்சா? மூடிட்டான். தஞ்சாவூர் பொம்மைக்கு வாத்தியார் வேல கொடுத்த மாதிரியில்ல இருக்கு!”

பார்த்தேன். சத்தம் இல்லாமல் பார்த்தால் அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு குழந்தை பேச வாயைத் திறக்கிறது. எதிரில் ஒரு வழுக்கைத் தலை இடப்பக்கமும் வலப்பக்கமுமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது. கொரியாவில் ஆமாம் என்றால் தலை மேலும் கீழும்தான் போகும். பக்கவாட்டில் போனால் இல்லை, தவறு. நான்கு பேர் முன்னால் தவறாகப் பேசுவதைவிட வாயை மூடிக்கொண்டு இருப்பது மேல் என்று வளர்ந்த பிள்ளைகள் வேறு. அவர்கள் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியிலேயே வெட்டியிருக்கிறேன், அதுவும் சிரித்த முகத்தோடு.

4. பட்டை

சரி, ஆட்டாமல் இருப்போம் என்று முடிவு செய்தேன். நாற்காலியைச் சுவரோடு தள்ளிப் போட்டுத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். வசந்தா எதிரில் நின்று, “இன்னிக்கு நாத்து நாலு கட்டு கொறஞ்சிருச்சுங்க” என்றாள். தலை ஆடியது. சுவரில் எண்ணெய்த் தடம் விழுந்ததுதான் மிச்சம்.

வசந்தாவின் தம்பி ராஜேந்திரனுக்கு டிராக்டர் ஓட்டி ஓட்டிக் கழுத்து வலி. டாக்டர் கொடுத்த கழுத்துப் பட்டை அவன் வீட்டில் சும்மா கிடந்தது. போய்க் கேட்டேன்.

“என்ன மாமா, கழுத்து வலியா?”

“இல்ல மாப்ள. கிளாஸ் இருக்கு.”

“கிளாஸுக்கு எதுக்கு மாமா பட்டை? பசங்க அடிக்கிறாங்களா?”

பட்டையை மாட்டிக்கொண்டு கேமராவைத் திறந்தேன். ஆறு முகமும் மாறியது. இரண்டு வாரமாக ‘ஐ திங்க்’கைத் தாண்டாத மின்ஜூன் மைக்கைத் திறந்தான்.

“டீச்சர், ஆர் யூ சிக்?”

நான் கேட்காமலே ஒரு பிள்ளை பேசிய முதல் வாக்கியம் அது. ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ தலையால் சொல்ல வழியில்லை. வாயால்தான் சொன்னேன், “நோ. கெஸ்!”

“ஆக்சிடென்ட்?” என்றாள் ஹாரின் என்ற பெண்.

“நோ.”

“யூ ஸ்லீப் பேட்?”

“நோ.”

“யுவர் வைஃப்…?” என்று மின்ஜூன் முஷ்டியைக் காட்டினான்.

“நாட் யெட்,” என்றேன்.

ஆறு பேரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் கேள்வியாகக் கேட்டார்கள். நான் உண்மையிலேயே அத்தனை நோ சொன்னது அன்றுதான். ஒருவரும் வாயை மூடவில்லை.

கடைசி பத்து நிமிடத்தில் உண்மையைச் சொன்னேன். பட்டையைக் கழற்றி, ஆட்டிக் காட்டினேன். எங்கள் ஊரில் இதற்கு ‘சொல்லு, நான் கேட்கிறேன்’ என்று அர்த்தம் என்றேன். பிறகு சொயோன் சாட்டில் தட்டினாள். ‘நான் பேசினபோதெல்லாம் உங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்ததா?’ என்று இங்கிலீஷில் கேட்டிருந்தாள்.

யெஸ் என்று தட்டினேன். மூன்று எழுத்துத்தான். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

5. கேட்ட லெசன் பிளான்கள்

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்தப் பட்டையிலிருந்து வந்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். கேட்க வைப்பது மாதிரி வந்து உட்காருங்கள். ஒரு நாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னொரு நாள் கையில் நாற்றுக் கட்டு. “இதை எங்கே நட வேண்டும் என்று என் மனைவிக்கு யோசனை சொல்லுங்கள்” என்றேன். தினமும் சோறு சாப்பிடும் பிள்ளைகள், நாற்றைப் பார்த்ததே இல்லை. புல் என்றார்கள். வசந்தா எட்டிப் பார்த்து, “புல்லா? இதுங்கள ஒரு நாள் வயல்ல இறக்கணும்” என்றாள். அதை இங்கிலீஷில் சொன்னதும் ஹாரின், “வென்?” என்று கேட்டாள்.

குறை சொல்லச் சொல்லுங்கள். ‘மை ஸ்கூல்’ என்று தலைப்புக் கொடுத்தால் மூன்று வாக்கியம் வரும். ‘என் பள்ளியில் எனக்குப் பிடிக்காதது’ என்று கொடுத்தால் மணி அடித்த பிறகும் ஓடும். மின்ஜூன் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி நான்கு நிமிடம் பேசினான். பதிலுக்கு நான் ரயில்வே கேட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்.

கடைசியாகத் தலை லெசன். தலையாட்டிப் பொம்மையைக் கேமரா முன் வைத்து நான்கு வகை ஆட்டலைச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று, ‘சொல்லு’. இரண்டு, ‘சரி’. மூன்று, ‘பார்க்கலாம்’. நான்காவது கொஞ்சம் கஷ்டம்: ‘மாட்டேன்தான், ஆனால் அதை என் வாயால் சொல்ல மாட்டேன்’. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து உரையாடல் எழுத வேண்டும், தலையும் சரியாக ஆட வேண்டும். பதிலுக்கு, பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு மார்க் போட்டார்கள். பாஸ் செய்தேன், பார்டரில்.

6. ஏழாவது கட்டம்

மாதக் கடைசி. ஏழாவது கட்டத்தில் பார்க் மேடம், கையில் நோட்டு. நான் பட்டை போடவில்லை. பிள்ளைகள் பேசினார்கள். நடுவில் ரயில் ஹாரன் கேட்டது. “கேட்!” என்று இரண்டு பேர் கத்தினார்கள். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொயோன் மட்டும் அன்று வாயைத் திறக்கவில்லை. புது ஆள் ஒருவர் பார்க்கிறார் அல்லவா, பென்சில் மறுபடி கன்னத்துக்குப் போய்விட்டது.

முடியும் நேரத்தில் மேடம், எனக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே பிள்ளைகளிடம் கேட்டார். இதே ஆசிரியரிடம் தொடர்ந்து படிக்க உங்களுக்கு விருப்பமா?

ஆறு தலையும் ஆடியது. இடப்பக்கம், வலப்பக்கம். அப்பழுக்கில்லாத இரண்டாம் வகை, ‘சரி’. நான் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு சுத்தமாக என் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒருநாளும் செய்ததில்லை.

மேடத்தின் முகம் வாடியது. நோட்டில் ஏதோ எழுதினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். துக்க வீட்டில் பார்ப்போமே, அந்தப் பார்வை. விளக்க வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் பதற்றத்தில் என் தலையும் ஆடத் தொடங்கிவிட்டது. இப்போது ஏழு தலை. மேடம் பேனாவை மூடினார்.

அப்போது ஒரு மைக் திறந்தது.

“நோ, மேடம்,” என்றாள் சொயோன். “திஸ் இஸ் யெஸ். நீடாமங்கலம் யெஸ்.”

அதோடு நிறுத்தவில்லை. முதலில் நாங்கள் தவறாக நினைத்தோம், டீச்சர் சந்தோஷமாக இருந்தார், எங்களுக்குத் தெரியவில்லை, பிறகு அவர் கழுத்துக்குப் பட்டை போட்டார் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பட்டைக்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாமல் ‘நெக் பெல்ட்’ என்றாள். இலக்கணம் நாலைந்து இடத்தில் வழுக்கியது. முப்பத்தொரு வருடச் சிவப்பு மை எனக்குள் துடித்தது. நான் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினாள். சாரி சொல்லவே இல்லை.

மேடம் கேட்டு முடித்துவிட்டு, முதலில் மேலும் கீழும் தலையசைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஒரே ஒரு முறை பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். சுமார்தான். பழகினால் வந்துவிடும்.

பேட்ச் என்னிடமே இருக்கிறது. ஆகவே, லெசன் பிளான் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: நீங்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒன்றையும் எடுப்பதற்கு முன்னால் உங்கள் கிளாஸ் ரெக்கார்டிங் ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டு முழுசாகப் பாருங்கள். நாம் என்ன சொன்னோம் என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

பட்டை இன்னும் என் கேமராவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் ராஜேந்திரன் வந்தான். “மாமா, மறுபடி கழுத்து வலி. அந்தப் பட்டைய தர்றீங்களா?” என்று கேட்டான். தலையை ஆட்டினேன். அதைச் சரி என்று நினைத்துக்கொண்டு இன்னும் காத்திருக்கிறான். அது நான்காவது வகை.